வந்த ரீடிங்கை எழுதட்டும்

பிளஸ் டூ செய்முறைத் தேர்வு நெருங்கும் நாட்களில் சென்னையில் எந்தப் பள்ளியின் இயற்பியல் ஆய்வகத்துக்குப் போனாலும், மூலையில் ஓர் இருட்டறையும் மஞ்சளாக எரியும் சோடியம் விளக்கும் அதன் முன்னே, ஒளி திசைமாறும் கோணத்தை அளக்கும் ஒரு ஸ்பெக்ட்ரோமீட்டரும் இருக்கும். வரிசையில் நிற்கும் பிள்ளைக்குக் கருவியில் கண்ணை வைப்பதற்கு முன்பே விடை தெரியும். முப்பட்டகத்தின் கோணம் 60 டிகிரி. சிறும திசைமாற்றக் கோணம் 37-ஐ ஒட்டி வரவேண்டும். ஒளிவிலகல் எண் 1.5. வெர்னியரில் வேறு ஏதாவது வந்தால், "ரீடிங்கை செட் பண்ணிக்கோடா" என்பான் பக்கத்தில் இருப்பவன். விடையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு ரீடிங் எழுதுவது நம் பிள்ளைகளுக்கு நன்றாகவே கைவந்திருக்கிறது. என் தலைமுறையும் அப்படித்தான் ரெக்கார்டு நோட்டை நிரப்பியது.

இதே மாதிரி ஒரு கருவியில், இதே மாதிரி ஒரு முப்பட்டகத்தை வைத்து, மெரினாவுக்கு எதிரே இருக்கும் மாநிலக் கல்லூரியில் ஒரு மாணவர் கோணம் அளந்துகொண்டிருந்தார். முப்பட்டகத்தின் முகத்தில் ஒளி மிகவும் சாய்வாகப் பட்டு வரும்போது, விளிம்பு விளைவுப் பட்டைகள் (விளிம்பில் ஒளி வளைவதால் தோன்றும் இருள்-ஒளிக் கோடுகள்) இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இல்லை என்பது அவர் கண்ணில் பட்டது. நேராக விழும் ஒளிக்கு அவை சமச்சீராக இருக்கும் என்பதுதான் பாடம். அவர் பாடத்துக்கு ஏற்றபடி எழுதிக்கொள்ளாமல் மேலும் அளந்தார். கட்டுரையாக்கிப் பேராசிரியரிடம் கொடுத்தார். மாதக்கணக்கில் பதில் வரவில்லை. லண்டனிலிருந்து வந்த ‘ஃபிலசாஃபிக்கல் மேகசின்’ இதழுக்குத் தானே அனுப்பிவிட்டார். 1906 நவம்பரில் அது அச்சானது. அந்த மாதம்தான் சி.வி. ராமனுக்கு 18 வயது நிறைந்தது.

இந்தக் கதையைச் சொல்லும்போது மேதை என்ற சொல்லோடு நிறுத்திவிடுவது நம் வழக்கம். எனக்கு அதில் வேறு இரண்டு செய்திகள் முக்கியம். வந்த ரீடிங்கை அவர் மாற்றவில்லை. அனுப்பியதை வாசித்து ஏற்றுக்கொள்ள ஓர் இடம் இருந்தது. பதின்வயதுப் பிள்ளைகள் சொந்தமாக ஆராய்ச்சி செய்யவும் அதை நாலு பேர் முன் வைக்கவும் நாம் துணை நிற்க விரும்பினால், முதலில் இந்த இரண்டுக்கும் ஏற்பாடு செய்ய வேண்டும் என்பது என் கட்சி. கருவியும் பணமும் பரிசும் அதற்குப் பிறகு.

அதே கல்லூரியில் 1928-ல் இன்னொரு மாணவர். ஜெர்மானிய இயற்பியலாளர் அர்னால்டு சோமர்ஃபெல்டு சென்னைக்கு வந்தபோது, சுப்ரமணியன் சந்திரசேகர் அவர் தங்கியிருந்த விடுதிக்கே போய்ச் சந்தித்தார். நீ படித்திருக்கும் இயற்பியல் பழையதாகிவிட்டது என்று சோமர்ஃபெல்டு சொன்னார். சொன்னதோடு விடாமல், இன்னும் வெளிவராத தன் கட்டுரையின் மெய்ப்புத் தாள்களைக் கையில் கொடுத்து அனுப்பினார். சந்திரசேகர் அப்போது பதின்வயதுப் பிள்ளைதான். அதைப் படித்துவிட்டு அவர் காம்ப்டன் சிதறல் (எலக்ட்ரானில் மோதும் எக்ஸ் கதிர் ஆற்றல் இழந்து திசைமாறுவது) பற்றி எழுதிய கட்டுரையைக் கேம்பிரிட்ஜில் இருந்த ரால்ஃப் ஃபௌலருக்கு அனுப்ப, 1929-ல் அது ராயல் சொசைட்டியின் இதழில் வெளிவந்தது.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். ராமனின் அப்பா கல்லூரியில் கணிதமும் இயற்பியலும் கற்பித்தவர். ராமன் சந்திரசேகருக்குச் சித்தப்பா. புத்தகம் வீட்டிலேயே இருந்தது. பெரிய மனிதரின் அறைக் கதவைத் தட்டலாம் என்ற துணிச்சலும் அந்த வீட்டிலிருந்துதான் வந்தது. வியாசர்பாடியில் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் பெண்ணுக்கு அப்படி ஒரு சித்தப்பா இல்லை. அந்த இடத்தை ஊர்தான் நிரப்பியாக வேண்டும்.

ஊர் எதுவுமே செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறை ஆதரவில் 1993 முதல் தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாடு நடக்கிறது. 10 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகள் சிறு குழுவாகச் சேர்ந்து, தங்கள் பகுதியில் உள்ள ஒரு சிக்கலை எடுத்து, களத்துக்குப் போய்த் தரவு திரட்டி, மாவட்டம், மாநிலம், தேசம் என்று படிப்படியாக முன்வைக்க வேண்டும். தமிழ்நாட்டில் இதைப் பல ஆண்டுகளாகத் தோளில் சுமந்தது தமிழ்நாடு அறிவியல் இயக்கம். நாட்குறிப்பு, அதாவது தினமும் என்ன செய்தோம், என்ன அளந்தோம் என்று எழுதிய நோட்டு, கட்டாயம். பிள்ளைகள் தமிழிலேயே பேசலாம். எனக்குத் தெரிந்து இந்த நாட்டில் பள்ளிப் பிள்ளைகளின் ஆராய்ச்சிக்காகப் போடப்பட்ட மிக நல்ல அடித்தளம் இதுதான்.

பள்ளிப் பிள்ளைகளின் புது யோசனைகளுக்கு மத்திய அரசு தரும் இன்ஸ்பயர் மானக் விருது, தேர்வான யோசனைக்கு 10,000 ரூபாய் தருகிறது. பிள்ளைகள் கருவிகளைச் செய்து பழகுவதற்கான நிதி ஆயோக்கின் அடல் டிங்கரிங் ஆய்வகங்கள் 2016 முதல் பள்ளிகளுக்கு 20 லட்சம் ரூபாய் வரை கொண்டுவந்தன. தமிழக அரசு 2022 நவம்பரில் தொடங்கிய வானவில் மன்றம், ஆறு முதல் எட்டு வரை படிக்கும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் வகுப்பறைக்கே சோதனைப் பொருட்களோடு ஆளை அனுப்புகிறது. ஐரிஸ் என்ற தேசியக் கண்காட்சியில் தேறியவர்கள், 1950-ல் ஃபிலடெல்ஃபியாவில் தொடங்கி இன்று ரீஜெனரான் ஐசெஃப் என்ற பெயரில் நடக்கும் உலகக் கண்காட்சி வரை போகிறார்கள்.

இவ்வளவு இருந்தும், இந்த மேடைகளில் பெரும்பாலானவை ஒரு பொருளைச் செய்து காட்டும் பிள்ளையைத்தான் கொண்டாடுகின்றன. கை தட்டினால் திறக்கும் குப்பைத் தொட்டி, பார்வையற்றவருக்கு ஒலி எழுப்பும் கோல், மழை வந்தால் தானே மடங்கும் துணிக்கொடி. செய்வதற்குத் திறமை வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கோல் எத்தனை தடவையில் எத்தனை தடவை சரியாக ஒலித்தது என்று கேட்டால் மேசைக்குப் பின்னால் மௌனம். பொருள் இருக்கிறது, கண்டுபிடிப்பு இல்லை. ஆராய்ச்சி என்பது விடை தெரியாத ஒரு கேள்வியோடு கொஞ்ச நாள் குடியிருப்பது. அதைப் பழக்கும் மனிதர்கள் நம்மிடம் குறைவு.

ஒரு ஷீட் கூரையின் கீழே

சில ஆண்டுகளாகக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டுத் திட்டங்களுக்கு வழிகாட்டியாகவும் நடுவராகவும் நான் பள்ளிகளுக்குப் போய்வருகிறேன். அதில் ஒன்றைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் மேலே சொன்னதெல்லாம் அதில்தான் எனக்கு விளங்கியது.

வடசென்னையில் ஓர் அரசுப் பள்ளி. ஒன்பதாம் வகுப்பு மாணவிகள் இரண்டு பேர். கோடையில் ஷீட் போட்ட வீட்டுக்குள் இருக்க முடியவில்லை, கூரைக்கு வெள்ளை அடித்தால் சூடு குறையும் என்கிறார்களே, நிஜமா என்பது அவர்கள் கேள்வி. அடுத்தடுத்து இருந்த இரண்டு வீடுகளைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒன்றின் கூரைக்குச் சுண்ணாம்பு. மற்றொன்று அப்படியே. ரிச்சி தெருவில் மலிவாகக் கிடைக்கும் டி.எச்.டி.11 என்ற வெப்ப உணரி ஒவ்வொரு வீட்டிலும் ஒன்று.

ஒரு வாரம் கழித்து ஓடி வந்தார்கள். "மிஸ், மதியம் ரெண்டு மணிக்கு 2.6 டிகிரி கம்மி!" முகத்தில் அவ்வளவு வெளிச்சம். எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் கேட்டேன்: இரண்டு உணரியையும் இடம் மாற்றி வைத்துப் பார்த்தீர்களா?

மாற்றி வைத்தார்கள். அடுத்த வாரம், வெள்ளை அடித்த வீடு 0.6 டிகிரி அதிகச் சூடு என்று வந்தது. ஒருத்திக்குக் கண் கலங்கிவிட்டது. "முதல் வார ரீடிங்கையே வச்சுக்கலாமா மிஸ்?" என்று அவள் கேட்டதில் எந்தத் திருட்டுத்தனமும் இல்லை. அதைத்தானே நாம் அவளுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறோம். விடைக்குப் பொருந்தும் ரீடிங்தான் நல்ல ரீடிங்.

அன்று மாலை இரண்டு உணரிகளையும் ஒரே டிபன் பாக்ஸில், மூடியில் துளை போட்டு, ஒன்றாக வைத்து ஓர் இரவு விட்டோம். ஒரே டப்பா, ஒரே காற்று. ஆனாலும் இரண்டாவது உணரி எப்போதும் 1.6 டிகிரி குறைத்தே காட்டியது. அந்த வகை உணரியின் துல்லியமே இரண்டு டிகிரி கூடவோ குறையவோதான் என்று அதன் விவரத் தாளில் எழுதியிருக்கிறது, நாங்கள்தான் படிக்கவில்லை. பிறகு நோட்டில் கணக்குப் போட்டார்கள். முதல் வாரம், குறைத்துக் காட்டும் உணரி வெள்ளை வீட்டில் இருந்தது: 2.6-லிருந்து 1.6-ஐக் கழித்தால் 1 டிகிரி கம்மி. இரண்டாம் வாரம் அதே உணரி மற்ற வீட்டில்: 0.6 அதிகம் என்று வந்ததில் 1.6-ஐக் கழித்தால் மறுபடியும் 1 டிகிரி கம்மி. இரண்டு வாரமும் ஒரே விடை. எந்த வாரத்தையும் தூக்கிப்போட வேண்டியதில்லை. அந்தக் கணக்கு முடிந்த நிமிடத்தில் அந்த இரண்டு முகங்களையும் நான் பார்த்தேன். பரிசு வாங்கும்போது வரும் சிரிப்பு வேறு, இது வேறு.

இன்னொன்றும் நடந்தது. வெள்ளை அடிக்காத வீட்டில் தினமும் விடியற்காலை நாலரை மணிக்கு வெப்பம் திடீரென்று ஏறியது. உணரி கெட்டுப்போச்சு, அந்தப் புள்ளிகளை எடுத்துவிடலாம் என்று குழுவில் பேச்சு. எடுப்பதற்கு முன்பு ஒரு தடவை அந்த நேரத்தில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்றேன். ஒருத்தி அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனாள். அந்த வீட்டு அக்கா தெருமுனையில் இட்லிக் கடை போடுகிறவர். நாலு மணிக்கெல்லாம் அடுப்பு பற்றவைத்து இட்லிக் குண்டானை ஏற்றிவிடுகிறார். கோளாறு என்று நினைத்தது அவருடைய பிழைப்பு. அந்த நேரத்து ரீடிங்கை ஒப்பிடக் கூடாது என்று காரணத்தோடு அறிக்கையில் எழுதினார்கள்.

இரவு பத்து மணிக்கு மேல் இரண்டு வீட்டுக்கும் வித்தியாசமே இல்லை என்றும் வந்தது. அறிக்கையில் இது வேண்டாமே, திட்டத்தின் பலம் குறையுமே என்றார் பள்ளியில் ஒருவர், நல்லெண்ணத்தோடுதான். பிள்ளைகள் விடவில்லை. ஷீட் வீட்டில் படுப்பவர்கள் கஷ்டப்படுவதே இரவில்தானே, அப்போது சுண்ணாம்பு உதவவில்லை என்பது தெரிய வேண்டாமா என்று ஒருத்தி கேட்டாள். அதற்கு மேல் யாரும் பேசவில்லை.

துணை என்றால் என்ன துணை

வழிகாட்டி செய்ய வேண்டியது இவ்வளவுதான். கேள்வியைச் சுருக்கிக் கொடுப்பது. "சென்னையின் தண்ணீர் மாசு" என்று வரும் பிள்ளையை, "எங்கள் தெருவில் ஐந்து கைப்பம்புத் தண்ணீரின் உப்பு மழைக்கு முன்னும் பின்னும்" என்ற இடத்துக்குக் கொண்டுவருவது. பிறகு பதினைந்து நாளுக்கு ஒருமுறை நோட்டைப் பார்ப்பது. "உனக்கு இது எப்படித் தெரியும்?" என்று கேட்டுக்கொண்டே இருப்பது. அந்தத் துறையின் நிபுணராக இருக்கத் தேவையில்லை. தரமணி, கிண்டி, அடையாறு என்று சில கிலோமீட்டருக்குள் ஐஐடி, கணித அறிவியல் நிறுவனம், மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம், எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் எல்லாம் இருக்கும் ஊர் இது. அங்கே முனைவர் பட்டத்துக்குப் படிக்கும் ஒருவர் மாதம் இரண்டு மணி நேரம் கொடுத்தால் ஒரு பள்ளிக்குப் போதும்.

செய்யக் கூடாததும் உண்டு. பிள்ளைக்காக எழுதிக் கொடுப்பது. நடுவர் மேசையில் உட்கார்ந்தால் இது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். சுவரொட்டியில் கல்லூரிப் பேராசிரியரின் ஆங்கிலம் இருக்கும். "இன்னும் ஒரு மாதம் கிடைத்தால் அடுத்து என்ன செய்வாய்?" என்று கேட்டால் பிள்ளை திரும்பி அப்பாவைப் பார்க்கும். சொந்தமாகச் செய்த பிள்ளைக்கு இந்தக் கேள்வி கேட்கும் முன்பே பதில் இருக்கும். நான் நிறுத்தச் சொல்லும்வரை பேசும். இப்போது இதோடு செயற்கை நுண்ணறிவும் சேர்ந்திருக்கிறது. அறிக்கையை அழகாக எழுதித் தருகிறது, இல்லாத ஆய்வுக் கட்டுரைகளை இருப்பதுபோலவே மேற்கோள் காட்டுகிறது. அறிக்கையைவிட நாட்குறிப்பை முதலில் கேட்டு வாங்கிப் பார்ப்பது என்று நான் மாறிவிட்டேன். அடித்தல் திருத்தலோடு, எண்ணெய்க் கறையோடு இருக்கும் நோட்டு பொய் சொல்வது அரிது.

படிக்கக் கட்டுரை கிடைப்பதும் பெரிய பாடு. 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தில் அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்கும் ஆய்வு நிறுவனங்களுக்கும் சுமார் 13,000 இதழ்கள் திறந்துவிடப்பட்டிருக்கின்றன. பள்ளிகள் அந்தப் பட்டியலில் இல்லை. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் உட்கார்ந்து படிக்கலாம். அதைவிட எளிய வழி, கட்டுரை எழுதியவருக்கே மரியாதையாக ஒரு மின்னஞ்சல் அனுப்பிப் பிரதி கேட்பது. பெரும்பாலான விஞ்ஞானிகள் மகிழ்ச்சியோடு அனுப்புவார்கள். பள்ளிப் பிள்ளை கேட்டால் இரண்டு வரி கூடுதலாகவே எழுதுவார்கள்.

எங்கே சொல்வது, யார் பதில் சொல்வார்கள்

1998-ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் ஒரு கட்டுரை வந்தது. ஆசிரியர்களில் ஒருவரான எமிலி ரோசாவுக்கு அப்போது 11 வயது. நோயாளியைத் தொடாமலே அவர் உடலைச் சுற்றியுள்ள ஆற்றலைக் கையால் உணர்ந்து குணப்படுத்துகிறோம் என்ற சிகிச்சையாளர்கள் 21 பேரை, 9 வயதில் பள்ளி அறிவியல் கண்காட்சிக்காகத் தொடங்கிய சோதனையில் அவள் சோதித்திருந்தாள். நடுவில் ஒரு தடுப்பு, அதன் கீழே கைகளை நீட்ட இடம். நாணயத்தைச் சுண்டி, அவர்களுடைய வலக்கையா இடக்கையா என்று முடிவு செய்து, அதன் மேல் தன் கையைக் காட்டுவாள். எந்தக் கை என்று அவர்கள் சொல்ல வேண்டும். 280 முறையில் 123 முறைதான் சரி. அதாவது 44 சதவீதம். கண்ணை மூடிக்கொண்டு ஊகித்தாலே பாதி சரியாக வரும். ஓர் அட்டையும் ஒரு நாணயமும்தான் கருவி.

2010-ல் இங்கிலாந்தின் டெவன் பகுதியில் பிளாக்காட்டன் என்ற ஊரின் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் 25 பேர், எட்டு முதல் பத்து வயது, வண்டுத்தேனீக்கள் நிறத்தையும் அந்த நிறம் இருக்கும் இடத்தையும் சேர்த்து நினைவில் வைத்துப் பூவைத் தேர்ந்தெடுக்கின்றன என்று காட்டினார்கள். ராயல் சொசைட்டியின் ‘பயாலஜி லெட்டர்ஸ்’ அதை வெளியிட்டது. கட்டுரையின் மொழி பிள்ளைகளின் மொழி, படங்கள் வண்ணப் பென்சிலில் வரைந்தவை, மேற்கோள் பட்டியல் கிடையாது. ஆராய்ச்சியாளர்கள் அதற்கு மறுமொழிக் குறிப்பு எழுதி, இந்தத் துறையில் இதன் இடம் என்ன என்று விளக்கினார்கள். பெரியவர்கள் பிள்ளைகளின் சொல்லைத் திருத்தாமல், அதற்குப் பக்கத்தில் தங்கள் சொல்லை வைத்தார்கள். அந்தப் பண்பு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

எல்லோருக்கும் இவ்வளவு பெரிய மேடை வேண்டியதில்லை. பள்ளி மாணவர்களுக்கென்றே இதழ்கள் இருக்கின்றன. ஹார்வர்டு ஆய்வு மாணவர்கள் 2011-ல் தொடங்கிய ‘ஜர்னல் ஆஃப் எமர்ஜிங் இன்வெஸ்டிகேட்டர்ஸ்’ அதில் ஒன்று. கருதுகோளை வைத்துச் சோதித்த கட்டுரையை ஏற்று, விஞ்ஞானிகளைக் கொண்டு மதிப்பிட்டு, எங்கே தெளிவில்லை, எந்த வரைபடம் போதாது என்று எழுதி அனுப்புகிறார்கள். மாதங்கள் ஆகும். திருத்தி மறுபடி அனுப்ப வேண்டும். அந்தத் திருத்தம்தான் பிள்ளைக்குக் கிடைக்கும் வெகுமதி. அச்சில் பெயர் வருவது அதன் பின்விளைவு.

இதைத் தலைகீழாக்கி ஒரு சந்தையே உருவாகியிருக்கிறது. வெளிநாட்டுக் கல்லூரி விண்ணப்பத்தில் ‘ஆய்வுக் கட்டுரை’ என்று ஒரு வரி இருந்தால் நல்லது என்று நம்பும் பெற்றோரிடம், வழிகாட்டியும் தருகிறோம், வெளியீடும் வாங்கித் தருகிறோம் என்று பெரிய தொகை வாங்குகிறார்கள். அமெரிக்காவில் இந்த வியாபாரத்தைப் பற்றி 2023-ல் புரோபப்ளிகா என்ற செய்தி நிறுவனம் விரிவாகவே எழுதியது. சென்னையில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம், பத்தே நாளில் வெளியிடுகிறோம் என்ற ஓர் இதழுக்குப் பணம் கட்டியது. கட்டுரையில் ஓர் அட்டவணை இரண்டு முறை வந்திருந்தது. மதிப்பீட்டாளர் யாரும் கவனிக்கவில்லை, ஏனென்றால் யாரும் படிக்கவில்லை. பையனிடம் சான்றிதழ் இருக்கிறது. தான் எங்கே தவறினேன் என்று அவனுக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை. பணம் கட்டும் முன் பெற்றோர் ஒன்றைக் கேட்டாலே போதும்: இதற்கு முன் வெளியான கட்டுரை ஒன்றுக்கு மதிப்பீட்டாளர் எழுதிய குறிப்பைக் காட்டுவீர்களா? கையில் எதுவும் இல்லை என்றால் எழுந்து வந்துவிடலாம்.

பகிர்வதற்கு இதழைத் தவிர வேறு வாசல்களும் சென்னைக்கு உண்டு. பெசன்ட் நகரிலிருந்து நீலாங்கரை வரை, பருவம் வந்தால் இரவில் மணலில் நடந்து பங்குனி ஆமைகளின் முட்டைகளைத் தேடும் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு வலையமைப்பு 1988-ல் மாணவர்களால் தொடங்கப்பட்டது. எந்த இரவில் எத்தனை குழி, ஒவ்வொன்றிலும் எத்தனை முட்டை, எத்தனை பொரிந்தது என்ற பதிவு அது. முட்டைக்குள் வளர்வது ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடே தீர்மானிக்கிறது. சூடு கூடினால் பெண் குஞ்சுகள் அதிகம். கடற்கரை வெப்பமாகும் காலத்தில் இப்படிப்பட்ட பதிவின் அருமையைச் சொல்ல வேண்டியதில்லை. பொங்கல் நாட்களில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பில் மொட்டை மாடியில் பதினைந்து நிமிடம் நின்று எண்ணும் பிள்ளையின் பட்டியலும், உலகெங்கும் பறவை பார்ப்பவர்கள் பதிவிடும் இ-பேர்டு தரவுத் தளத்தில் ஏறுகிறது. இந்தியப் பறவைகளின் நிலை பற்றி 2020-லும் 2023-லும் வந்த அறிக்கைகள் இப்படிச் சேர்ந்த பட்டியல்களை நம்பித்தான் எழுதப்பட்டன. 2022-ல் ராம்சர் தளமாக, அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலமாக, அறிவிக்கப்பட்ட பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டி எத்தனையோ பள்ளிகள் இருக்கின்றன. ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் வாரம் தவறாமல் ஒரு வகுப்பு எண்ணினால், ஐந்து வருடத்தில் வேறு யாரிடமும் இல்லாத தரவு அந்தப் பள்ளியிடம் இருக்கும்.

பாதுகாப்பையும் நெறியையும் பற்றிச் சுருக்கமாகவேனும் சொல்லியாக வேண்டும். வீட்டில் பாக்டீரியா வளர்ப்பதை ஐசெஃப் விதிகள் முற்றாகத் தடுக்கின்றன; சமையலறைத் தட்டில் கிருமி வளர்த்த திட்டங்களை நான் இங்கே பலமுறை பார்த்துப் பதறியிருக்கிறேன். ஆமை முட்டையை வனத்துறை அனுமதி இல்லாமல் தொடுவது 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டைச் சுரண்டினால் வரும் தூசு நுரையீரலுக்கு ஆபத்து, ஏறினால் உடையும். எங்கள் திட்டத்தில் சுண்ணாம்பு அடித்தது ஏணியில் நின்ற ஒரு பெயின்டர் அண்ணன், நீளக் கம்பு கட்டிய ரோலரால், சுரண்டாமல். வகுப்புத் தோழிகளிடம் தூக்கம், மாதவிடாய், மனநிலை என்று கேள்வித்தாள் கொடுக்கும் முன், எதற்காகக் கேட்கிறோம், பெயர் வருமா என்று சொல்லி, அவர்களிடமும் பெற்றோரிடமும் சம்மதம் வாங்க வேண்டும். 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களைக் குழந்தைகளாகவே கொள்கிறது.

மாவட்ட மாநாட்டில் அந்த இரண்டு பெண்களும் தமிழில் பேசினார்கள். ஒரு நடுவர் ஆங்கிலத்தில் கேட்ட கேள்வியை இன்னொரு நடுவர் தமிழில் திருப்பிச் சொன்னதும் சளைக்காமல் பதில் சொன்னார்கள். மாநிலத்துக்குத் தேர்வாகவில்லை. இரண்டு வீடுகளுமே ஒரே மாதிரியானவை இல்லையே, சுண்ணாம்பால்தான் குறைந்தது என்று எப்படிச் சொல்கிறீர்கள் என்று கடைசியில் ஒரு நடுவர் கேட்டார். நியாயமான கேள்வி. பதில் இல்லை.

திட்டத்தை அதோடு மூடிவைக்க எனக்கு மனம் வரவில்லை. யாருடைய வீட்டில் அளந்தீர்களோ அவர்களிடம் போய்ச் சொல்ல வேண்டாமா என்று கேட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை தெருவில் பாய் விரித்து, சார்ட் பேப்பரை மின்கம்பத்தில் கட்டி, பத்துப் பதினைந்து பேருக்கு விளக்கினார்கள். மதியம் ஒரு டிகிரி, இரவில் ஒன்றுமில்லை, காலையில் ஏறும் கோடு இட்லி அடுப்பு. அந்தக் கோட்டைக் காட்டியதும் எல்லோரும் திரும்பி அக்காவைப் பார்த்தார்கள். அவர் சிரித்துவிட்டு, பிறகு சிரிக்காமல் கேட்டார்: "அதெல்லாம் சரி பாப்பா. அந்த வூட்டுக்கு மட்டும் அடிச்சீங்க, என் வூட்டுக்கு ஏன் அடிக்கல?"

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு வீடு வேண்டும் என்று பிள்ளைகள் தொடங்கினார்கள். சொல்லிக்கொண்டே வரும்போது அவர்களுக்கே குரல் தாழ்ந்தது. ஒரு கோடை முழுக்க அந்த அக்கா சூட்டில் கிடந்ததால்தான் அவர்களுக்கு ஒரு விடை கிடைத்திருந்தது. சின்னவள் சொன்னாள்: "அக்கா, மீதி சுண்ணாம்பு இருக்கு. அடுத்த ஞாயித்துக்கிழமை உங்க வீட்டுக்கும் அடிக்கச் சொல்றோம்."

"அடிங்க," என்றார் அக்கா. "ஆனா அந்த மிஷினைக் கழட்டாதீங்க. இப்ப எவ்ளோ காட்டுதுன்னு இந்த வாரம் எழுதி வச்சுக்குங்க, அடிச்சப்புறம் எவ்ளோன்னு பாருங்க. ஒரே வூடு, ஒரே அடுப்பு. அப்பதானே தெரியும்?"

பெரியவள் பையிலிருந்து நோட்டை எடுத்துத் தேதி போட்டாள்.